ஒருபக்கச் சாணை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. உன் தம்பி பஷீரை மான் கேஸில் பிடித்து வைத்திருக்கிறோம், சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்து ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸுக்கு யாராவது ஆம்பளை ஆளாக வரச்சொல், நாளை மதியம் மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் சேர்த்துச் சொன்னார்கள். மானைத் துளைத்து வெளியே வந்து மரத்தில் இறங்கிய அம்புமுனை கிடைத்திருக்கிறதாம். அதில் மூன்று புள்ளி குத்தியிருக்கிறதாம்.

மூன்று புள்ளி எங்கள் கடை அடையாளம். கோயமுத்தூர் உக்கடத்தில் எந்தக் கறிக்கடைக்குப் போய்க் கத்தியை எடுத்துப் பார்த்தாலும் பாதிக் கத்தியில் பிடிக்குப் பக்கத்தில் அந்த மூன்று புள்ளி இருக்கும். எங்களிடம் சாணை பிடித்த கத்தி எட்டு நாளைக்குள் மழுங்கினால் சும்மா பிடித்துத் தருவோம், அதற்காகத்தான் அந்தக் குத்து. அம்புமுனையில் அதைக் குத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குத்தியவள் நான். என் வேலை என்று ஒரு பெருமை, வேறென்ன.

போனை வைத்ததும் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதில் பாதி என்மேலேயே வந்தது. அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

என் பெயர் உம்மல் குல்சும். கல்யாணமான ஒன்றரை வருடத்தில் குலா கேட்டு, பெண் தானே கேட்கிற அந்த விவாகரத்தை நானே ஜமாத்தில் நின்று வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள். அப்போது எனக்கு இருபத்திமூன்று. நான் சொல்கிற இந்தத் தொண்ணூற்று நாலாம் வருடத்தில் முப்பத்திநாலு. கடைப் பலகையில் ‘பஷீர் சாணை’ என்று எழுதியிருக்கும். பஷீர் கத்திகளை வாங்கி வருவான், கொண்டுபோய்க் கொடுப்பான், பிடி போடுவான், நன்றாகப் பேசுவான். கல்லில் கத்தியை வைப்பவள் நான். இது உக்கடத்தில் கத்தி பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். கத்தி பிடிக்காத எவருக்கும் தெரியாது.

வெங்கடபதி முதன்முதலில் வந்தது ஜனவரியில். மில்லுக்காரக் குடும்பம். சத்தி மலையடிவாரத்தில் நூறு ஏக்கர் தோட்டம், அதற்குள் ஒரு பங்களா. வெளிநாட்டிலிருந்து சக்கரம் வைத்த வில் ஒன்று வாங்கி வந்திருந்தார். இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம், நடுவில் கம்பிபோல மூன்று நாண். அதோடு வந்த அம்புமுனைகள் எல்லாம் உடைந்துவிட்டன, லேத்தில் செய்து வாங்கியது சரிப்படவில்லை, யாரோ எங்கள் கடையைச் சொன்னார்கள் என்றார். அவர் பேசியது பஷீரிடம். நான் பின்னால் கல்லடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு என்றார். லேத்தில் செய்த முனை ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தார், பஷீர் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். எந்தப் போட்டியில் அம்பு நுனியில் இப்படிக் காய்ந்த ரத்தம் ஒட்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த முனையைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை.

முனை கூராகத்தான் இருந்தது. கூர் அதிகமாகி, ஊசிபோல் இருந்ததால் எலும்பில் பட்டதும் நுனி சுருண்டுவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் அகலம் அதிகம். விளிம்பில் சாணைப் பிசிறு அப்படியே நின்றது. எல்லாவற்றையும்விட மோசம், முனையும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. தோலுக்குள் போகிறபோது அந்த விளிம்புதான் பிடித்து நிறுத்தும். இதைச் செய்தவன் இரும்பு தெரிந்தவன். ஆனால் சதையை அறுத்தவன் கிடையாது. எனக்கு எரிச்சலாக வந்தது. கல்லடியிலிருந்து எழுந்து வந்து, எவ்வளவு ஆழம் போச்சு என்று நேராக அவரையே கேட்டேன்.

அவர் பஷீரைப் பார்த்தார். பஷீர், அக்கா கேக்கறதைச் சொல்லுங்க என்றான். தோளெலும்பில் பட்டு நாலு விரல்கூடப் போகவில்லையாம். மான் அம்போடு ஓடிவிட்டதாம். ஐந்தாம் நாள் தோட்டத்து ஓடையில் கிடந்ததாம், புழு வைத்து, அப்போதும் மூச்சு இருந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது வருத்தம் என்று நான் நினைத்தேன். அது ஏமாற்றம் என்று பிற்பாடு புரிந்தது.

அந்த ஐந்து நாளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மழுங்கின கத்தியால் ஒரு உயிரை அறுக்கக் கூடாது. கத்தியை அதன் கண்ணெதிரே தீட்டக் கூடாது, ஒன்றை இன்னொன்று பார்க்க அறுக்கக் கூடாது. ஒரே இழுப்பில் முடிய வேண்டும். கசாப்புக்கடைக்காரர் வந்து, நேற்று உன் கத்தி இரண்டாவது இழுப்பு கேட்டது அம்மணி என்று சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப் பழகினவளிடம் ஐந்து நாள் அம்போடு திரிந்த மானைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? இந்த ஆள் எப்படியும் எய்யத்தான் போகிறான், அந்த ஜீவன் நின்ற இடத்திலேயே விழட்டும் என்று நினைத்தேன். எய்யாதே என்று சொல்லத் தோன்றவில்லை. கத்தியை நன்றாக்குவதுதான் இரக்கம் என்று எங்கள் கைக்குப் பழகிவிட்டிருந்தது. இந்தத் தப்பைச் சாணைக்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

பன்னிரண்டு நாள் அதிலேயே கிடந்தேன். பட்டறைகளில் இரும்பு அறுத்துத் தேய்ந்ததும் எறிகிற பவர் ஹேக்ஸா பிளேடு இருக்கிறதே, அந்த இரும்புதான் எலும்புக்குச் சரி. வளையாது, விளிம்பு சீக்கிரம் போகாது. அகலத்தைக் குறைத்து, நீளத்தை அகலத்துக்கு மூன்று மடங்காக வைத்தேன். நுனியை ஊசியாக்காமல் சின்ன உளி மாதிரி மட்டமாக விட்டேன், அப்போதுதான் சுருளாது. முனைக்குப் பின்னால் பித்தளைக் கட்டை ஒன்று வைத்து முன்பாரம் கூட்டினேன். தண்டோடு சேருகிற இடத்தைத் தடவினால் விரலுக்குத் தெரியாத அளவுக்கு இழைத்தேன். கடைசியாக, சாணையை ஒருபக்கம் மட்டும் பிடித்தேன். இரண்டு பக்கமும் சரித்தால் அம்பு நேராகப் போய் எலும்பில் முட்டி நிற்கும். ஒருபக்கச் சரிவு என்றால் உள்ளே போகப் போகத் திருகிக்கொண்டு போகும், எலும்பைப் பிளந்துவிடும்.

எனக்கு இடக்கைப் பழக்கம். என் கையில் சரிவு இடப்பக்கமாக விழும். அம்பின் பின்னால் இருக்கிற இறகு வலப்பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டும் சண்டை போட்டுப் பாதி வேகம் போய்விடும். அதனால் இறகையும் இடப்பக்கம் சாய்த்து ஒட்டச் சொல்லிவிட்டேன். வெங்கடபதி தன்னிடம் இருந்த அம்புகள் அத்தனையிலும் இறகைப் பிய்த்து மாற்றி ஒட்டிக்கொண்டு வந்தார்.

கடைப் பின்கட்டில் பஞ்சுப்பொதியை நிறுத்தி, அதற்கு முன்னால் தோலோடு ஆட்டுத்தொடையும் தோளும் சேர்த்து ஈரச்சாக்கில் கட்டித் தொங்கவிட்டோம். பஷீர் ஆசையாக அந்த வில்லை வாங்கி இழுத்துப் பார்த்தான். பாதிக்குமேல் இழுக்க முடியவில்லை. சின்ன வயதில் மேட்டுப்பாளையம் ரோட்டில் விழுந்து அவனுடைய வலது தோள் இறங்கினது, இன்றைக்கும் தலைக்குமேல் கையைத் தூக்கமாட்டான். வெங்கடபதி வாங்கி எய்தார். அம்பு தோலைத் தாண்டி, எலும்பைத் தாண்டி, சாக்கைத் தாண்டிப் பஞ்சுக்குள் இறகுவரை போய் நின்றது. எலும்பில் நீளமாக ஒரு பிளவு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அவர் வந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தின முனையைத் திரும்பச் சாணைக்குக் கொண்டுவந்தார். எங்கே பட்டது, எப்படிப் போனது, எத்தனை தப்படியில் விழுந்தது என்று நான் கேட்பேன், அவர் சொல்லுவார். கேட்டுக் கேட்டு இன்னும் கொஞ்சம் சீர் செய்வேன். ஜூலை மாதத்தில் ஒருநாள் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். முன்னெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை போவேன், பாதி ஓடிப்போகும், தேடி அலைவதிலேயே சலித்துவிடும்; இப்போது அந்தத் தொல்லையே இல்லை, கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வாராவாரம் போகிறேன், எல்லாம் உங்கள் புண்ணியம் என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஐந்து நாள் துடித்தது மான் மட்டும் அல்ல, அதைத் தேடி அலைந்ததில் இந்த ஆளுக்கும் ஒரு கஷ்டம் இருந்திருக்கிறது. அந்தக் கஷ்டம்தான் அவரை மாதத்துக்கு ஒன்றோடு நிறுத்தி வைத்திருக்கிறது. நான் அதைத் துடைத்து எடுத்துவிட்டேன். இரக்கப்பட்டது மானுக்கு, பலன் போனது அவருக்கு.

இனிமேல் பிடிக்கமாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சாணைக்கு வந்திருந்த நாலு முனைகளையும் திருப்பித் தரவில்லை, மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். அவர் கையில் இன்னும் சில முனைகள் இருந்தன. அவர் கோபப்படவில்லை. பதினைந்து நாள் கழித்துப் பஷீருக்குப் போன் செய்து, என் பொருளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடு, அத்தோடு முடிந்தது என்றிருக்கிறார். பஷீருக்கு யாரிடமும் மனக்கசப்பு வைத்துக்கொள்ளத் தெரியாது. என்னிடம் சொல்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் நாலு முனைகளையும் டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு சத்திக்குப் போய்விட்டான்.

அன்று விடியற்காலை காட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் திங்கட்கிழமைதான் முழுக்கத் தெரிந்தது. ஒரு பெட்டை மான் அம்பு பட்டு விழுந்திருக்கிறது. வனக்காவலர்கள் வருகிற சத்தம் கேட்டு, எய்தவர்கள் மானைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அம்பு மானின் இரண்டு தோளையும் தாண்டிப் பின்னால் நின்ற ஊஞ்சை மரத்தில் இறங்கியிருக்கிறது. அவசரத்தில் பிடுங்கப்போய்த் தண்டு ஒடிந்து கையோடு போய்விட்டது, முனை மரத்திலேயே மாட்டிக்கொண்டது. காவலர்கள் உளியால் தோண்டி எடுத்தார்கள். மதியம் செக்போஸ்ட்டில் பஷீரின் டிபன் டப்பாவைத் திறந்தால் அதே மூன்று புள்ளியோடு நாலு முனை. வெங்கடபதி தோட்டத்து வாட்ச்மேன் ஒருவன் ஒரு மூங்கில் வில்லைக் கொண்டுவந்து, இந்த ஆள் வேலியோரம் போட்டுவிட்டுப் போனது என்று கொடுத்தும்விட்டான். சந்தனக்கட்டைக் கடத்தல்காரனைத் தேடிக் காடு முழுக்கப் போலீஸ் நின்ற காலம் அது. கம்பு ஊன்றிப் போகிறவனைக்கூட நிறுத்தி விசாரித்தார்கள். வெங்கடபதியின் ஜீப்பை நிறுத்த மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வெங்கடபதி கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, குளித்த ஈரம் காயவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார். குரலில் அவ்வளவு மரியாதை.

“பாருங்கம்மிணி, தம்பி மேல எனக்கும் பாசமுண்டுங்க. ஒண்ணும் பெருசுபண்ண வேண்டாம். நாந்தான் அடிச்சேன், தெரியாமச் செஞ்சுபோட்டேன்னு எழுதிக் குடுத்தரச் சொல்லுங்க. மூங்கி வில்லு, ஒரே ஒரு மானு. அபராதத்தோட போயிரும். அதை நாங் கட்டிடறேன். வக்கீலும் நம்மாளுதான்.”

எழுதிக் கொடுக்காவிட்டால் என்று கேட்டேன்.

“அப்ப கேஸு நடக்குமுங்க. காலம் கெட்டுக் கெடக்குது. காட்டுக்குள்ள ஆயுதத்தோட ஒரு பாய்ப் பையன் மாட்டினா என்ன என்ன பேரு வெப்பாங்கன்னு உங்களுக்கு நாஞ் சொல்லோணுமா?”

நான் சாணைக்கல்லின் மோட்டாரை நிறுத்தினேன். அதுவரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவருக்காக நிறுத்தவில்லை நான். இப்போது ஒரு வார்த்தைகூட அவர் காதுக்குத் தப்பக் கூடாது என்று நிறுத்தினேன்.

“ஏனுங்க, நீங்க பொழைக்கறதுக்கு என்ற தம்பி எதுக்குங்க கையெழுத்துப் போடோணும்? அவன் போட மாட்டான். நான் போட விடமாட்டேன். நீங்க போலாமுங்க.”

அவர் சிரித்தபடியே காரில் ஏறினார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறு நிமிஷமே வஹீது பாய் கறிக்கடைக்குப் போய், தோலுரிக்காத ஆட்டுத்தோள் இரண்டு கேட்டேன். எதற்கு என்று கேட்டார், கேஸுக்கு என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கூட வரட்டுமா என்றார். ஆம்பளை ஆளைத்தான் வரச்சொன்னார்கள் என்பது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் போய், சத்தி பஸ் ஏறினேன். அன்னூர் தாண்டும்வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கறிவாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாள். நானும் அவளைச் சமாதானம் பண்ணவில்லை.

ரேஞ்ச் ஆபீஸில் பஷீர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் ஆள் பாதியாகியிருந்தான். என்னைப் பார்த்ததும், அக்கா நான் எழுதிக் குடுத்தர்றேன், வாட்ச்மேன் வந்து எல்லாம் சொன்னான், அபராதத்தோட போயிருமாம் என்றான். வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். அவ்வளவு கடுமையாக அவனிடம் நான் பேசினதே இல்லை.

ரேஞ்சர் பெயர் ஞானாபரணம். கோயமுத்தூர்க்காரர்தான், நெற்றியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி பேசுகிறவர். ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா என்று முதலில் கேட்டார். கேஸ் என்னுடையது, அதனால் நான் வந்தேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விடியற்காலை என் தம்பி வீட்டில்தான் இருந்தான், ஒன்பது மணி பஸ்ஸில்தான் கிளம்பினான் என்றதற்கு, வீட்டு ஆள் சாட்சி எடுபடாது என்றார். அந்த முனை மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று கேட்டேன். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு அங்குலத்துக்கு மேலே என்றார். மானைத் தாண்டிய பிறகா என்றேன். ஆமாம் என்றார்.

நான் சாக்கை அவிழ்த்து ஆட்டுத்தோள்களை மேசைமேல் வைத்தேன். இது மானில் பாதிகூட இல்லை, தோலும் மெலிசு. உங்களிடம் இருக்கிற மூங்கில் வில்லால், அந்த நாலு முனையில் ஒன்றை மாட்டி, உங்கள் ஆட்களில் பலசாலி யாரோ அவரை விட்டு இதில் எய்யச் சொல்லுங்கள். இந்த ஒரு எலும்பைத் தாண்டினால்கூட நானே என் தம்பியைக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன் என்றேன்.

அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மரத்தைத் தன் கண்ணால் பார்த்த மனுஷர், ராத்திரியெல்லாம் அவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். ஆபீஸுக்குப் பின்னால் வேப்பமரத்தில் ஒரு தோளைக் கட்டச் சொன்னார். வாட்டசாட்டமான ஒரு காவலர், பத்துத் தப்படி தூரத்தில் நின்று, வில் முறிகிற அளவுக்கு இழுத்து எய்தார். அம்பு தோலுக்குள் இரண்டு விரல் போய், எலும்பில் நின்று, தன் கனத்தாலேயே தொங்கிக் கீழே விழுந்தது. இரண்டாவது தடவை எட்டுத் தப்படியில் நின்று எய்தார், அதேதான். மூன்றாவது ஐந்து தப்படி. அந்த அம்பு எலும்பில் ஒரு கீறல் போட்டது, அவ்வளவுதான். என் வேலை தோற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பஷீரைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்லி அவன் தோளைக் காட்டினேன். வலது கையைத் தூக்கச் சொன்னேன். காதுக்குமேல் வரவில்லை. ரேஞ்சர் உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

வில் வேறு என்று தெரிகிறது, ஆனால் முனை உங்கள் கடை முனைதானே, செய்துகொடுத்தவனும் குற்றவாளிதானே என்றார். உண்மைதான் என்றேன். செய்தவள் நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். சாணையின் சரிவு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது பாருங்கள், வலக்கைக்காரன் பிடித்தால் அது வராது, என் தம்பி வலக்கை, நான் இடக்கை என்றேன். வெங்கடபதி பங்களாவில் இருக்கிற அம்புகளை எடுத்துப் பாருங்கள், அத்தனையிலும் இறகு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்தபோது வலப்பக்கம் இருந்தது, பிய்த்த பசை அடையாளம் தண்டில் இருக்கும், என் கைக்குத் தோதாக மாற்றினது என்றேன். ஜனவரியில் தொடங்கி அன்றுவரை எல்லாவற்றையும் சொன்னேன். மான் என்று தெரிந்தே செய்ததையும் சொன்னேன்.

வெங்கடபதி பெயரைக் கேட்டதும் ரேஞ்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு எழுதத் தொடங்கினார். எத்தனை மான் என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் ‘சில மான்கள்’ என்று எழுதினார். அந்த வார்த்தையை அடிக்கச் சொன்னேன்.

“சிலன்னு போடாதீங்க. பதினொண்ணுங்க. ஒவ்வொண்ணும் எங்க பட்டுச்சுன்னு கேட்டுக் கேட்டுத்தான் நான் சாணை புடிச்சிருக்கேன். எட்டாவது சென மானு. அதையும் சிரிச்சுட்டுத்தான் சொன்னாரு, நானும் புடிச்சுத்தான் குடுத்தேன். எழுதுங்க.”

அவர் எழுதினார். கை மெதுவாகத்தான் ஓடியது. மேசைமேல் இருந்த கடிகாரத்தில் மணி ஒன்றரை. முதல் தாளில் நான் செய்த வேலை முழுக்க வந்துவிட்டது. அதன் அடியில் கோடு போட்டு, என் பக்கமாகத் திருப்பி, இதில் கையெழுத்துப் போடு அம்மா என்றார். வெங்கடபதி பெயர் எங்கே என்று கேட்டேன். அதை வேறு தாளில் தனியாக எழுதிக்கொள்ளலாம், மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டியதாக இருக்கும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். ஆனால் தனித்தாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு தாள் கோர்ட்டுக்குப் போகும், இன்னொரு தாள் எங்கேயும் போகாது.

நான் பேனாவைத் தொடவில்லை. அவர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். உன் தம்பியை இப்போதே விட்டுவிடலாம், இந்த ஒரு தாள் போதும் என்றார். மூன்று வருஷம்வரை ஜெயில் ஆகலாம், வெங்கடபதியைச் சேர்த்தால் உனக்கு எதிராக நிற்கப்போவது சாதாரண வக்கீல் இல்லை, ஒருவேளை அவர் தப்பிப்பார், நீ மட்டும் உள்ளே போவாய், யோசித்துப் பார் என்றார். வராந்தாவிலிருந்து பஷீர், வேண்டாம் அக்கா, நானே போட்டுக் குடுத்தர்றேன் என்று அழுதுகொண்டிருந்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.  

“ஏனுங்க சார், தாளைக் கிழிச்சுப் போட்டுப் புதுசா எழுதுங்க. முதல் வரியில அவரு பேரு, அடுத்த வரியில என்ற பேரு. அவரு எய்தாரு, நான் சாணை புடிச்சேன். ரெண்டும் ஒரே தாள்ல இருக்கோணும். அவரை நீக்கோணும்னா என்னையும் சேர்த்துத்தான் நீக்கோணும். என்னைய உள்ள வெக்கோணும்னா அவரையும் கூட்டிட்டு வந்துதான் வெக்கோணும். அப்படின்னா இப்பவே போடறேனுங்க. இல்லீனா மூணு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நின்னு, இதே பேரை வாயில சொல்லுவேன். ஆட்டுத்தோள் இன்னொண்ணும் இருக்குது.”

ஞானாபரணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். எழுதின தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதுத்தாளை எடுத்து, முதல் வரியில் வெங்கடபதியின் பெயரையும் அவர் அப்பா பெயரையும் முழு விலாசத்தையும் எழுதினார். பிறகு என் பெயரைக் கேட்டார். உம்மல் குல்சும் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தொழில் என்ன என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் சர்க்கார் தாள் எதிலும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை, வீட்டு வேலை என்று அவர்களாகவே போட்டுக்கொள்வார்கள்.

சாணை என்று எழுதுங்கள் என்றேன். எழுதியதை ஒருமுறை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு பெயரும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, இடக்கையால் கையெழுத்துப் போட்டேன். பஷீரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் எழுந்த பெஞ்சில் நான் போய் உட்கார்ந்தேன்.